ரோனா கப்பலில் இருந்து தஞ்சாவூர் வரை: தூர நின்று அடிக்கும் ஆயுதங்களின் கதை

"அவன் சரியான எம்டன்" என்று சொன்னால் சென்னையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் கடலில் நின்றபடியே மதராஸைச் சுட்டது. துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையில் இருந்து பதிலுக்குச் சுட்ட குண்டு எதுவும் எம்டனைத் தொடவில்லை. வந்த வழியே போய்விட்டது. அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பெயர் நம் பேச்சில் இருக்கிறது.

எம்டன் கதை எல்லோருக்கும் தெரியும். ரோனா கதை தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. இத்தனைக்கும் ரோனா நம்ம ஊர்க் கப்பல் மாதிரி!

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வயதான தமிழர்களிடம் பேசிப் பாருங்கள். "ரஜுலா கப்பல்" என்ற பேச்சு கட்டாயம் வரும். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிய கப்பல் அது. தோட்டத் தொழிலாளிகள், கடைக்காரர்கள், கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து திரும்பியவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தக் கப்பலின் மேல்தளத்தில்தான் ஆரம்பிக்கிறது. அந்த ரஜுலாவுக்கு ஒரு ஜோடிக் கப்பல் இருந்தது. அதுதான் ரோனா. இரண்டும் 1926ல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காகக் கட்டப்பட்டவை. அளவு கிட்டத்தட்ட ஒன்று, ஓடிய பாதையும் ஒன்று. ரஜுலா கிழடாகும் வரை ஓடியது. ரோனாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இரண்டாம் உலகப்போரில், 1940ல், ரோனாவைத் துருப்புக் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 25ந்தேதி அல்ஜீரியாவின் ஓரான் பக்கத்தில் இருந்து அது கிளம்பியபோது உள்ளே சுமார் 2,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். சூயஸ் வழியாக அவர்கள் வரவேண்டிய இடம் எது தெரியுமா? இந்தியா! அவர்களில் பெரிய பகுதி விமானத்தளம் கட்டுகிற எஞ்சினியர் பட்டாளம். கப்பலை ஓட்டியவர்கள் 195 ஊழியர்கள். அதிகாரிகள் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் இந்தியக் கப்பல் தொழிலாளிகள், அதாவது அந்தக் காலத்தில் லஸ்கர் என்று சொல்லப்பட்டவர்கள்.

மறுநாள் சாயங்காலம் ஜெர்மன் விமானங்கள் வந்தன. சாதாரணமாகக் குண்டு போடும் விமானம் கப்பலுக்கு நேர் மேலே வந்தாக வேண்டும், கப்பலில் இருக்கும் பீரங்கிகளும் அதற்காகக் காத்திருக்கும். அன்றைக்கு அப்படி நடக்கவில்லை. ஒரு ஹைன்கல் 177 விமானம் தூரத்திலேயே பறந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றில் இருந்து சின்ன விமானம் மாதிரி ஒன்று கழன்றது. அதற்குச் சிறகு இருந்தது, பின்னால் நெருப்பும் இருந்தது. அது நேராக விழாமல் திரும்பித் திரும்பி வந்து ரோனாவின் இடது பக்கத்தில், எஞ்சின் அறையில் போய் இடித்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. உயிர்காப்புப் படகுகளில் பெரும்பாலானவை இறக்கவே முடியாமலோ, இறக்கியதும் கவிழ்ந்தோ வீணாகின. இருட்டு, குளிர்ந்த கடல், பெரிய அலை. பயோனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவெடி அகற்றும் கப்பல் மட்டும் 600 பேருக்கு மேல் காப்பாற்றியது. இறந்தவர்கள் 1,100 பேருக்கு மேல். கடலில் எதிரியின் தாக்குதலில், ஒரே சம்பவத்தில் அமெரிக்கத் துருப்புகள் இவ்வளவு பேரை இழந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ரோனாவை இடித்ததன் பெயர் ஹென்ஷல் 293. விமானத்தில் இருந்து ஏவி, தூரத்தில் இருந்தே குறி தவறாமல் அடிக்கும் ஆயுதங்களுக்கு இதுதான் பாட்டன். ராணுவக்காரர்கள் இந்த வகையை "ஸ்டாண்ட் ஆஃப்" என்பார்கள். எதிரியின் துப்பாக்கி எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு அடிப்பது என்று அர்த்தம். 500 கிலோ குண்டுக்குச் சிறகும் வாலும் வைத்து, அடியில் ஒரு சின்ன ராக்கெட்டைக் கட்டினார்கள். ராக்கெட் சுமார் பத்து செகண்ட் எரியும், அந்த வேகத்தில் மிச்ச தூரத்தைக் குண்டு மிதந்தே கடக்கும். வாலில் ஒரு விளக்கு. விமானத்தில் இருக்கும் ஆள் அந்த விளக்கையும் கப்பலையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, கையில் இருக்கும் சின்னக் குச்சியை அசைப்பார். ரேடியோ வழியாகக் குண்டு திரும்பும். இன்றைக்கு வீடியோ கேமில் பையன்கள் பிடிக்கிற ஜாய்ஸ்டிக் தான், வேறொன்றும் இல்லை. எட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும் இதை ஏவலாம். வடபழனி முருகன் கோயில் வாசலில் நின்றுகொண்டு மெரினாவில் இருப்பதை அடிப்பது மாதிரி.

1943 ஆகஸ்ட் 27ந்தேதி இதே ஆயுதம் எக்ரெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 9ந்தேதி, ஃபிரிட்ஸ் எக்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் ரேடியோ குண்டு ரோமா என்ற இத்தாலியப் பெரிய போர்க்கப்பலைப் பிளந்தது. இத்தாலி முந்தின நாள்தான் ஜெர்மனியைக் கைவிட்டிருந்தது. நேற்றுவரை கூட்டாளி, இன்றைக்கு இலக்கு! அதில் மட்டும் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள்.

ஆனால் இந்த முதல் தலைமுறைக்குப் பெரிய பலவீனம் ஒன்று உண்டு. குண்டு போய்ச் சேரும்வரை ஆள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், விமானமும் வேகமாகத் திரும்பாமல் ஒழுங்காகப் பறந்தாக வேண்டும். அந்த நேரத்தில் அதைச் சுடுவது சுலபம். கூடவே ரேடியோ அலையைக் குழப்பும் கருவிகளை நேச நாடுகள் கப்பல்களில் பொருத்த ஆரம்பித்தன. 1944ல் இந்த ஆயுதத்தின் பயம் நிறையக் குறைந்துவிட்டது.

ரோனா விஷயத்தில் இன்னும் இரண்டு செய்திகள் சொல்லாமல் விடக்கூடாது. ஒன்று, அமெரிக்க அரசு இதை மறைத்தது. ஜெர்மனியிடம் இப்படி ஓர் ஆயுதம் இருக்கிறது, அது நன்றாக வேலை செய்கிறது என்பது வெளியே தெரியக்கூடாது என்று, செத்தவர்களின் வீடுகளுக்கு முதலில் "காணவில்லை" என்றுதான் தந்தி போனது. எந்த ஆயுதம், எப்படி என்பதெல்லாம் போர் முடிந்த பிறகும் பல வருஷங்கள் பேசப்படவில்லை. அமெரிக்கப் பாராளுமன்றம் ரோனாவுக்காக ஒரு தீர்மானம் போட 2000ம் வருஷம் ஆனது.

இரண்டாவது, பழி. உயிர் தப்பிய அமெரிக்கர்கள் சிலரின் நினைவுகளில், கப்பலின் இந்திய ஊழியர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் படகில் ஏறிவிட்டார்கள் என்ற பேச்சு வருகிறது. காமர்ஸ் படிப்பவர்கள் இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 195 ஊழியர்களில் ஏறக்குறைய 120 பேர் செத்தார்கள். நூற்றுக்கு 60க்கு மேல். சுமார் 2,000 சிப்பாய்களில் ஆயிரத்துக்குச் சற்று மேல் செத்தார்கள். நூற்றுக்கு 50 சொச்சம். முதலில் தப்பித்தவர்கள் விகிதத்தில் அதிகமாகச் செத்தது எப்படி? யாரோ சிலர் பயத்தில் அப்படிச் செய்திருக்கலாம், அந்த இருட்டில் அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எல்லோர் மேலும் போட்ட பழி இந்தக் கணக்கில் நிற்கவில்லை. எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர்கள் யார், குண்டு இடித்தது எங்கே என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, ஆயுதத்தின் கதைக்குத் திரும்பலாம். அமெரிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் செய்த ரேடியோ குண்டின் பெயர் அஸோன். அதை இடது வலதாக மட்டும்தான் திருப்ப முடியும், முன்னே பின்னே தள்ள முடியாது. அதனால் நீளமாக, ஒல்லியாக இருக்கும் இலக்குக்குத்தான் லாயக்கு. அப்படி நீளமாக இருப்பது எது? ரயில் பாலம்! 1944 டிசம்பரில் இருந்து வங்காளத்தின் பாண்டவேஸ்வரில் இருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் பர்மாவின் ரயில் பாலங்களை இந்தக் குண்டால் ஒவ்வொன்றாக உடைத்தன. குறி தவறாத குண்டு என்ற யோசனை இந்திய மண்ணில் இருந்து பறந்தது அப்போதுதான். ஆனால் இது தூர நின்று அடிப்பதல்ல. விமானம் இலக்குக்கு மேலேயே போயாக வேண்டும்.

அடுத்த பெரிய தாவல் 1960களின் கடைசியில். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ஆமாம், கால்குலேட்டர் செய்கிற அதே கம்பெனி, சாதாரணக் குண்டின் மூக்கில் மாட்டுகிற ஒரு கருவியைச் செய்தது. ஒருத்தர் இலக்கின் மேல் லேசர் ஒளியைப் பிடித்தால் போதும், குண்டு அந்தப் புள்ளியைத் தேடிப் போகும். பெயர் பேவ்வே. வியட்நாமில் தான்ஹோவா என்ற பாலம் இருந்தது. 1965ல் இருந்து நூற்றுக்கணக்கான முறை பறந்து அடித்தும் அது விழவில்லை. பல விமானங்களும் விமானிகளும்தான் போனார்கள். 1972 மே மாதம் லேசர் குண்டுகளோடு போன ஒரே தாக்குதலில் பாலத்தின் ஒரு பக்கம் சரிந்தது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஒரு குண்டின் விலை ஏறியது, ஒரு பாலத்தின் விலை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த விமானப்படையும் பழைய கணக்குக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை.

இந்தியா அந்தக் கணக்கை நேரில் படித்தது 1999ல், கார்கிலில். மே 26ந்தேதி விமானத் தாக்குதல் தொடங்கியது. மறுநாளே இரண்டு மிக் விமானங்கள் போயின, 28ந்தேதி ஒரு எம்.ஐ. 17 ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். மலை உச்சியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை இருந்தது. கீழே பறந்தால் சாவு, மேலே பறந்தால் குண்டு எங்கோ போய் விழுகிறது. எல்லைக் கோட்டைத் தாண்டவும் அனுமதி இல்லை. அங்கே 5,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, குண்டு விழும் கணக்கே மாறிவிடும். ஒரு பாறை இடுக்கில் இருக்கும் பங்கருக்குப் பத்து மீட்டர் தள்ளி விழுந்த குண்டு, பக்கத்துப் பள்ளத்தாக்கில் விழுந்ததற்குச் சமம்.

விமானப்படையிடம் பேவ்வே கருவிகள் கொஞ்சம் இருந்தன. இஸ்ரேலில் இருந்து வந்த லைட்டனிங் என்ற கருவி லேசர் பிடிக்கவும் ராத்திரியில் பார்க்கவும் உதவும். இரண்டையும் மிராஜ் 2000 விமானத்தில் அவசர அவசரமாகப் பொருத்தினார்கள். போன வருஷம்தான் பொக்ரான் சோதனை, அதனால் அமெரிக்கத் தடை வேறு. இருப்பதை வைத்து ஒப்பேற்றிய வேலைதான். ஜூன் 24ந்தேதி டைகர் ஹில் உச்சியில் இருந்த முகாம் மேல் லேசர் குண்டு விழுந்தது. அன்றைய தளபதி ஏ.ஒய். டிப்னிஸ் தானே இரட்டை இருக்கை மிராஜில் போய் அதைப் பார்த்தார். ஜூலை 4ந்தேதி டைகர் ஹில் நம் வசம் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தவர்கள் போரே லேசர் குண்டால் ஜெயித்தது என்று நினைத்தார்கள். உண்மையில் அந்தப் போரில் போட்ட லேசர் குண்டுகள் மொத்தமே பத்துக்குள். மற்றதெல்லாம் சாதாரணக் குண்டும் பீரங்கியும், கையும் காலும் வைத்து ராத்திரியில் பாறை ஏறிய 18 கிரனேடியர்ஸ், 8 சீக் மாதிரியான காலாட்படைக்காரர்களும்தான். டைகர் ஹில்லைப் பிடித்தது குண்டு இல்லை, ஆட்கள்.

லேசர் குண்டுக்கும் விமானம் கிட்டத்தில் இருந்தாக வேண்டும், மேகம் வந்தால் லேசர் வேலை செய்யாது. இந்தக் குறை தீர, இலக்கு இருக்கும் இடத்தையும் அதன் படத்தையும் முன்கூட்டியே குண்டுக்குள் ஏற்றிவிடும் முறை வந்தது. இஸ்ரேலின் ஸ்பைஸ் 2000 அந்த வகை. சிறகு விரித்து 60 கிலோமீட்டர் வரை மிதந்து போகும். வடபழனியில் விட்டால் காஞ்சிபுரம். 2019 பிப்ரவரி 26ந்தேதி விடியற்காலை பாலகோட்டில் மிராஜ்கள் போட்டது இதைத்தான். இலக்கை அடித்தோம் என்றது இந்தியா. மரங்கள்தான் விழுந்தன என்றது பாகிஸ்தான். வெளிநாட்டு நிறுவனங்கள் சாட்டிலைட் படங்களை வைத்துக்கொண்டு கட்டடம் நிற்கிறதே என்று கேட்டன. கூரையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே போய் வெடிக்கிற குண்டு, அதனால் மேலிருந்து தெரியாது என்று பதில் வந்தது. ரோனாவை அடித்த ஜெர்மன்காரர் தன் குண்டு இடிப்பதைக் கண்ணால் பார்த்தார். 76 வருஷம் கழித்து, குண்டு எங்கே விழுந்தது என்று உலகமே விவாதம் பண்ணியது.

பிரமோஸ் இதற்கெல்லாம் அப்பால். இதில் தமிழ்நாட்டுப் பங்கு பெரிசு. 1998 பிப்ரவரி 12ந்தேதி ரஷ்யாவோடு ஒப்பந்தத்தில் இந்தியா சார்பில் கையெழுத்துப் போட்டவர் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். அந்தக் கூட்டு நிறுவனத்தை முதலில் இருந்து நடத்தியவர் நாகர்கோவில்காரரான சிவதாணு பிள்ளை. பிரம்மபுத்ராவையும் மாஸ்க்வா நதியையும் சேர்த்து வைத்த பெயர். 2001 ஜூன் 12ந்தேதி முதல் சோதனை, தரையில் இருந்து. விமானத்தில் இருந்து ஏவ இன்னும் 16 வருஷம் பிடித்தது. காரணம் எடை. தரை ஏவுகணை மூன்று டன். அதை இரண்டரை டன்னாக இளைக்க வைத்து, சுகோய் 30 விமானத்தின் வயிற்றையும் பலப்படுத்தினார்கள். அப்படியும் ஒரு விமானத்துக்கு ஒன்றுதான். 2017 நவம்பர் 22ந்தேதி வங்காள விரிகுடாவில் ஒரு கப்பல் இலக்கை அது அடித்தது. முதலில் சொன்ன தூரம் 290 கிலோமீட்டர். வேகம் ஒலியைப் போல 2.8 மடங்கு. வடபழனியில் இருந்து தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். அதைத் தாண்ட இதற்கு ஐந்தாறு நிமிஷம் போதும். கோயம்பேட்டில் பஸ் கிளம்பி வடபழனி சிக்னல் வருவதற்குள் முடிந்துவிடும்!

இந்த வேகத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 2022 மார்ச் 9ந்தேதி தரையில் இருந்து ஏவும் பிரமோஸ் ஒன்று தவறுதலாகக் கிளம்பிவிட்டது. எல்லை தாண்டி 124 கிலோமீட்டர் உள்ளே, மியான் சன்னு என்ற ஊர்ப் பக்கம் போய் விழுந்தது. யாரும் சாகவில்லை. இந்தியா வருத்தம் தெரிவித்தது. ஆகஸ்டில் மூன்று அதிகாரிகளை வேலையை விட்டு நீக்கினார்கள். அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு நாடுகள். அது என்ன வருகிறது என்று எதிர்ப்பக்கம் யோசிக்கக் கிடைத்தது சில நிமிஷங்கள் மட்டும். 2025 மே மாதச் சண்டையில் இதே ஏவுகணை பயன்பட்டது என்று பேசப்பட்டபோது, மூன்று வருஷம் முந்தைய அந்தச் சில நிமிஷங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

விமானத்தில் இருந்து பாயும் பிரமோஸ்களுக்காகவே அமைத்த படைப்பிரிவு இருப்பது தஞ்சாவூரில். பிரிட்டிஷ்காரர்கள் இரண்டாம் உலகப்போர் சமயத்தில் போட்ட ஓடுதளம் அது. 2013ல் விமானப்படைத் தளமாகத் திறந்தார்கள். 2020 ஜனவரி 20ந்தேதி டைகர்ஷார்க்ஸ் என்ற 222வது படைப்பிரிவு சுகோய்களோடு அங்கே வந்தது. வட எல்லையில் இருக்க வேண்டியதை இங்கே ஏன் வைத்தார்கள் என்றால், கடல். தஞ்சாவூரில் இருந்து நாகப்பட்டினம் 80 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே இருந்து கிழக்கே பினாங்கு போகிற கடல்வழியில் பெரும்பகுதி இந்த விமானங்களின் கைக்கு எட்டும். ரஜுலாவும் ரோனாவும் போய்வந்த அதே வழி.

ரோனாவில் இறந்த அமெரிக்கர்களுக்கு 1996ல் அலபாமாவில் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். இந்திய ஊழியர்களுக்குத் தனிக் கல் இல்லை. அந்தப் போரில் கடலில் போன இந்திய மாலுமிகள் 6,000 பேருக்கு மேல். அவர்கள் பெயர்களை ஒரு பெரிய புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ரோனாக்காரர்களும் அதில்தான். ஒரு பிரதி மும்பையில், கப்பல் தொழிலாளர் விடுதியில் இருக்கிறது. இன்னொன்று சிட்டகாங்கில்.